பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சிறு குழு வழிகாட்டல்: கிறிஸ்தவப் பள்ளியில் எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் நீங்கள் முதுகலை ஆசிரியர். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு குழுவை ஆசிரியர்கள் பொறுப்பெடுக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு பீரியட். பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். எத்தனை பேரை வைத்துக்கொள்வது, என்ன பேசுவது, ஜெபம் உண்டா, ஏதாவது பெரிய விஷயம் வெளியே வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எட்டுப் பேர், ஒரே வழிகாட்டி, இரண்டு வருடம். இந்த மூன்றையும் நிர்வாகத்திடம் முதலிலேயே பேசி வாங்கிவிடுங்கள். ஆறு பேருக்குக் குறைந்தால், இரண்டு பேர் விடுப்பு எடுக்கிற நாளில் மீதி மூன்று பேருக்கும் விசாரணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். பத்தைத் தாண்டினால் 45 நிமிடத்தில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசுவதற்கே பாதி நேரம் போய்விடும். பன்னிரண்டுக்கு மேல் போனால் பேசுகிற நாலு பேர், பார்க்கிற எட்டுப் பேர் என்று குழு தானாகவே இரண்டாகிவிடும். யாத்திராகமம் 18-இல் எத்திரோ தன் மருமகன் மோசேயிடம் ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தச் சொல்கிறார். காலையிலிருந்து மாலைவரை ஒரே ஆள் எல்லார் வழக்கையும் கேட்டால் அவனும் சோர்ந்துபோவான், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். தாளாளர் "ஒரு செக்‌ஷனுக்கு ஒரு ஆசிரியர் போதுமே" என்று சொன்னால் இந்த அதிகாரத்தை நினைவுபடுத்தலாம்.

இப்போது கணக்கு. இரண்டு வகுப்பிலும் சேர்த்து 320 பிள்ளைகள் என்றால் 40 குழு. நாற்பது பெரியவர்கள் எந்தப் பள்ளியிலும் கிடைக்க மாட்டார்கள். முதுகலை ஆசிரியர்கள், பட்டதாரி ஆசிரியர்களில் விருப்பமுள்ளவர்கள், பி.டி. மாஸ்டர், நூலகர், விடுதிப் பொறுப்பாளர் என்று சேர்த்தால் இருபது பேர் தேறலாம். ஆளுக்கு இரண்டு குழு கொடுத்து, ஒரு வாரம் பிளஸ் ஒன், மறுவாரம் பிளஸ் டூ என்று மாற்றுங்கள். ஒரு வகுப்பு குழுவில் இருக்கும்போது மற்ற வகுப்புக்கு அந்த பீரியடில் நூலகமோ விளையாட்டோ போட வேண்டும், இல்லையென்றால் டைம்டேபிள் உட்காராது. பதினாறு பேரோடு வாரா வாரம் உட்காருவதைவிட எட்டுப் பேரோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்காருவது எவ்வளவோ மேல். ஆள் போதவில்லை என்பதற்காக விருப்பமில்லாதவரைத் தள்ளிவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும்.

யாருக்கு யார் என்பதில் ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்: பாடம் எடுக்கும் ஆசிரியர் அதே பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்கக் கூடாது. மேல்நிலையில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்தப் பத்து மதிப்பெண்ணைப் போடுகிறவரிடம், செய்முறைத் தேர்வில் உள்தேர்வாளராக நிற்கப்போகிறவரிடம், "சார், எனக்கு கெமிஸ்ட்ரி பிடிக்கவே இல்லை, அப்பா கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டார்" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? அறிவியல் பிரிவுக்கு வணிகவியல் ஆசிரியர், வணிகவியல் பிரிவுக்கு தாவரவியல் ஆசிரியர் என்று மாற்றிப் போடுங்கள். மாணவிகள் குழுவுக்குப் பெண் வழிகாட்டி. இருபாலர் பள்ளியானால் பிளஸ் ஒன்னில் தனித்தனிக் குழு வைத்து, பிளஸ் டூவில் இரண்டு குழுக்களை மாதம் ஒருமுறை சேர்த்து உட்கார வைக்கலாம். எடுத்த எடுப்பில் கலந்து வைத்தால் பையன்கள் ஆட்டம் காட்டுவார்கள், பெண்பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

குழுவில் யார் யாரைப் போடுவது என்பதை மாணவர்கள் கையில் விடாதீர்கள். நண்பர்களாகச் சேர்ந்தால் பழைய பேச்சே ஓடும். மதிப்பெண் வரிசையில் பிரிக்கவே வேண்டாம், கடைசிக் குழுவுக்கு அன்றைக்கே ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடும். ஊர் வாரியாகவோ பஸ் ரூட் வாரியாகவோ பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதியாகத் தோன்றும். ஆனால் நம் ஊர்களில் ஒரு பஸ் ரூட் என்பது பல இடங்களில் ஒரு சாதியின் தெருக்கள்தான். தெரியாமலேயே சாதிக் குழு அமைத்துக் கொடுத்துவிடுவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரையும் அவர் தங்கையையும் அவரோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்பது உட்படப் பல பரிந்துரைகளைச் செய்தது. கயிறை அவிழ்க்கச் சொல்வது எளிது. வேறு தெருவின் பையனோடு இரண்டு வருடம் வட்டமாக உட்கார வைப்பது கடினம், அதைச் செய்ய இந்தக் குழுவைப்போல வேறு வாய்ப்பு பள்ளியில் கிடைக்காது. ஆகவே பிரிவு, ஊர், விடுதி, வீட்டிலிருந்து வருகிறவர், மதம் எல்லாம் கலந்து வருமாறு பட்டியலை நீங்களே உட்கார்ந்து தயாரியுங்கள். 160 பேர் பட்டியலுக்கு இரண்டு ஆசிரியர்கள் மூன்று மணி நேரம் செலவிட வேண்டியிருக்கும். சபைக்குள்ளும் சாதி உண்டு என்பதை நாம் அறிவோம். ஞாயிறன்று ஒரே ஆலயத்துக்குப் போகிற இரண்டு பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் யாருக்கு என்று தெரிந்தே வளர்ந்திருப்பார்கள். "நமக்குள் அதெல்லாம் இல்லை" என்று வழிகாட்டி தொடங்கினால் அந்தப் பிள்ளைகள் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

இடம் வகுப்பறையாக இருக்க வேண்டாம். சிற்றாலயமும் வேண்டாம், பாதிப் பிள்ளைகள் அங்கே விருந்தாளியாக உணர்வார்கள். வேப்பமர நிழல், நூலகத்தின் ஒரு மூலை, வராந்தாவின் கடைசி, பூட்டாத ஆய்வகம் போதும். மற்றவர்கள் பார்வையில் இருக்க வேண்டும், பேசுவது காதில் விழக் கூடாது. குழுவுக்குக் குழு பதினைந்து அடி இடைவெளியாவது வேண்டும். மேசை வேண்டாம். வழிகாட்டி நாற்காலியிலும் பிள்ளைகள் தரையிலும் என்றால் அது பிரசங்கமாகிவிடும், எல்லாரும் ஒரே மட்டத்தில் உட்காருங்கள்.

நேரம்தான் முதலில் பறிபோகும். "போர்ஷன் முடியல, இந்த ஒரு வாரம் மட்டும் கொடுங்க" என்று ஒருவர் கேட்பார், அடுத்த வாரம் இன்னொருவர். பிறகு ஆண்டுவிழா ஒத்திகை, விளையாட்டு விழா, ஆயர் வருகை. நவம்பருக்குள் குழு செத்துவிடும். இதைத் தலைமையாசிரியர் ஒருவர்தான் காப்பாற்ற முடியும்: குழு பீரியடில் பாடமோ தேர்வோ ஒத்திகையோ கிடையாது என்று ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில் சொல்லி மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வேண்டாம், பஸ் பிடிக்கிற அவசரம் அவர்கள் கண்ணில் தெரியும். செவ்வாய் அல்லது புதன், மதியத்துக்கு முந்தைய பீரியட் நல்லது. பேச்சு நீண்டால் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் கடன் வாங்கலாம்.

அந்த 45 நிமிடம் எப்படிப் போகும்? முதல் ஐந்து நிமிடம் வந்து உட்காரவே சரியாக இருக்கும். அடுத்த பதினைந்து நிமிடம் ஒரு சுற்று, எட்டுப் பேரும் ஒரே கேள்விக்கு ஆளுக்கு ஒன்றரை இரண்டு நிமிடம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கோம் சார்" என்று கோரஸாக வரும், ஒன்றும் கிடைக்காது. "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீங்க, காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். விடிகாலை ஐந்தரைக்கு டியூஷன் போகிறவள், சாப்பிடாமலே வருகிறவன், இரவு பதினொன்றுவரை அப்பாவின் கடையில் நிற்கிறவன், தண்ணீர் லாரி வருகிற நாளில் தூங்காதவள் எல்லாரையும் அந்த ஒரு கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். "பாஸ்" சொல்லிக் கடந்துபோகும் உரிமை எல்லாருக்கும் உண்டு, எந்த வாரமும் உண்டு. அந்த உரிமை இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைதான் நாலாவது வாரம் தானாகப் பேசும்.

பிறகு இருபது நிமிடம் ஒரு விஷயம். இதற்குக் கத்தோலிக்கப் பள்ளிகளில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் வழியாகப் பலருக்கும் தெரிந்த ஒரு முறை இருக்கிறது: பார்த்தல், சீர்தூக்கல், செயல்படுதல். பெல்ஜியக் குருவானவர் ஜோசப் கார்டைன் ஆலைகளில் வேலை செய்த இளைஞர்களின் சிறு குழுக்களில் வளர்த்த முறை இது. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தமது சுற்றுமடல் ஒன்றிலும் இதை எடுத்துச் சொன்னார். சி.எஸ்.ஐ., லுத்தரன் பள்ளிகளிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், சபை வேறுபாட்டுக்கு இதில் இடமே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் புரியும். விஷயம்: ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது. முதல் ஏழெட்டு நிமிடம் நடப்பதை மட்டும் சொல்ல வேண்டும். யார் எழுதித் தருகிறார்கள், யார் பார்த்து எழுதுகிறார்கள், கையெழுத்து வாங்கும் தேதிக்கு முந்தின இரவு என்ன நடக்கிறது, படம் வரைந்து தர காசு வாங்குகிறவர் உண்டா? இந்தக் கட்டத்தில் வழிகாட்டி "தப்பு" என்ற சொல்லை உச்சரித்தால் எல்லாம் முடிந்தது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் நல்ல பிள்ளை பதில்கள்தான். அடுத்த ஏழெட்டு நிமிடம் சீர்தூக்கல். இதில் யாருக்கு என்ன போகிறது? செய்முறை நாளில் பர்னரைப் பிடிக்கக் கை நடுங்குவது யாருக்கு? எழுதித் தருகிறவளுக்கு இது நட்பா, பயமா? இங்கே ஒரு வாசகத்தை வைக்கலாம். சகேயு தான் ஏய்த்து வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லும் பகுதி லூக்கா 19-இல் இருக்கிறது, பத்து வசனம்தான். வாய்மை அதிகாரத்திலிருந்து ஒரு குறளையும் பக்கத்தில் வைத்தால் கலப்புக் குழுவில் எல்லாருக்கும் கைப்பிடி கிடைக்கும். வாசகம் கடைசியில் தீர்ப்பு சொல்ல வரக் கூடாது, நடுவில் வந்து பேச்சைக் கிளற வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் செயல். "இனி நேர்மையாக இருப்போம்" என்பது செயலாகாது. "அடுத்த மூன்று சோதனைகளின் அளவீட்டை ஆய்வகத்திலேயே எழுதிவிடுவோம், வியாழன் மதியம் நாலு பேர் சேர்ந்து உட்காருவோம்" என்பது செயல். அடுத்த சந்திப்பில் சரிபார்க்க முடிகிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். செய்யவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்பதே அடுத்த வாரத்து "பார்த்தல்" ஆகிவிடும், கோபப்பட ஒன்றுமில்லை.

முடிவில் ஐந்து நிமிடம் அமைதி. இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் தந்த ஆன்ம சோதனையின் மிக எளிய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே கேள்வி: இன்று எதற்காக நன்றி சொல்வேன், இன்று எது என்னைக் குத்தியது? கண்ணை மூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் இரண்டு மாதம் சிரிப்பு வரும், பரவாயில்லை. செப்டம்பருக்குப் பிறகு அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் அவர்களே கேட்பார்கள்.

வழிகாட்டி பேசுகிற அளவு முழு நேரத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஆசிரியர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். வகுப்பறையில் மௌனம் வந்தால் பாடம் தெரியவில்லை என்று அர்த்தம், உடனே நாம் நிரப்பிவிடுவோம். குழுவில் மௌனம் வந்தால் யாரோ சொல்லலாமா வேண்டாமா என்று எடைபோடுகிறார்கள் என்று அர்த்தம். மனதுக்குள் பத்துவரை மெதுவாக எண்ணுங்கள். எம்மாவு வழியில் உயிர்த்த இயேசு எல்லாம் தெரிந்திருந்தும் இரண்டு சீடர்களிடம் முதலில் "என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள்?" என்றே கேட்கிறார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை எல்லாம் கொட்டி முடிக்கும்வரை விளக்கம் தொடங்கவில்லை. கிறிஸ்தவப் பள்ளியின் வழிகாட்டிக்கு அந்த வரிசையே போதுமான பயிற்சி: கேள்வி, காதுகொடுத்தல், அப்புறம்தான் வேதம், கடைசியில் சேர்ந்து சாப்பாடு. ஆம், சாப்பாடும் முக்கியம். மாதம் ஒருமுறை எட்டுப் பேருக்கும் சுண்டலோ வாழைப்பழமோ கடலை மிட்டாயோ வாங்கினால் 120 ரூபாய்க்குள் முடியும். பி.டி.ஏ. நிதியில் கேட்டால் தருவார்கள், வழிகாட்டி சொந்தக் காசில் வாங்க ஆரம்பித்தால் குழுக்களுக்குள் போட்டி வந்துவிடும்.

ஜெபம் பற்றி. அரசியலமைப்பின் 28(3) பிரிவு தெளிவாக இருக்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், மாணவரின் சம்மதம் இல்லாமல், அவர் மைனரானால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. பிரிவு 30 நமக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது, அந்த உரிமை 28(3)-ஐத் தாண்டாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஓர் இந்துப் பிள்ளையிடம் "நீ ஜெபத்தோடு முடி" என்று சொல்லும்போது அவள் மறுக்க முடியாத இடத்தில் நிற்கிறாள், அப்படி வாங்கும் ஜெபத்தை யாருக்காக வாங்குகிறோம்? மறைக்கல்வி அல்லது வேதபாட வகுப்பு கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும், நன்னெறி வகுப்பு மற்றவர்களுக்கும் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கும். வழிகாட்டல் குழு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வழிகாட்டி "நான் இப்போது உங்களுக்காக ஒரு நிமிடம் ஜெபிக்கிறேன், நீங்கள் அமைதியாக இருந்தால் போதும்" என்று சொல்லித் தானே ஜெபிப்பதில் ஒளிவுமறைவு இல்லை, கட்டாயமும் இல்லை. அப்பா இறந்த வாரத்தில், காதல் முறிந்த வாரத்தில், தேர்வில் விழுந்த வாரத்தில் பிள்ளையின் கையில் சுவிசேஷக் கைப்பிரதியைக் கொடுக்காதீர்கள். அழுகிறவர்களோடு அழச் சொன்ன பவுல் அந்த இடத்தில் வேறொன்றும் சேர்க்கவில்லை.

கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளிடம் பிரச்சினை வேறு மாதிரி. எல்லாக் கேள்விக்கும் வசனம் தெரியும், எந்த வசனமும் உள்ளே போயிருக்காது. "கர்த்தர் பார்த்துக்குவார் சார்" என்று சொல்லிவிட்டு நகம் கடிப்பார்கள். சந்தேகத்தை வெளியே சொல்ல அவர்களுக்கு வீட்டிலும் இடமில்லை, ஞாயிறு பள்ளியிலும் இடமில்லை. "கடவுள் இருந்தால் அம்மா ஏன்" என்று ஒரு பிள்ளை தொடங்கினால் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம், வாக்கியம் முடியட்டும். சாகவேண்டும் என்று சூரைச் செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் தூங்க விடுகிறான். கேள்வி கேட்பதெல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான். ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே பிள்ளைகள் கலந்திருந்தால் ஞானஸ்நானம், மாதா, அந்நிய பாஷை என்று விவாதம் கிளம்பும். அதை மறைக்கல்வி ஆசிரியரிடம் அனுப்பிவிடுங்கள். மொழிபெயர்ப்புச் சண்டை வராமல் இருக்க, அன்றைய வாசகத்தை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

ஆண்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வாரம் ஒருமுறை வைத்தாலும் காலாண்டு, அரையாண்டு, விடுமுறை எல்லாம் போக ஜூன் முதல் பிப்ரவரிவரை 18 சந்திப்பு கிடைத்தால் பெரிது. இரு வாரத்துக்கு ஒருமுறையானால் 9, 10. பிளஸ் ஒன்னில் முதல் இரண்டு சந்திப்புக்குள் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறித் திணறுகிறவர்களையும், விரும்பாத குரூப்பில் மாட்டிக்கொண்டவர்களையும் கண்டுபிடித்துவிட வேண்டும். குரூப் மாற்றம் பள்ளி தொடங்கிய ஆரம்ப வாரங்களில்தான் நடக்கும், ஆகஸ்டில் தெரிந்தால் இரண்டு வருடம் வீண்.

பிளஸ் டூவில் பாதிப் பேச்சு உயர்கல்வியைப் பற்றித்தான் இருக்கும், அப்போது வழிகாட்டிக்குத் தகவல் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. இது தெரியாமல் நம்பிக்கை கொடுத்து, நீட் முடிந்தபின் உடைந்துபோகும் பிள்ளைகள் உண்டு. மறுபக்கம், உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்கள் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு, ஆங்கில வழிப் பிரிவுக்கு இல்லை. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு டிசம்பரிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், மே மாதத்தில் எல்லாரும் இ-சேவை மையத்தில் நிற்பார்கள்.

சாதிச் சான்றிதழ் பேச்சு வரும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கே உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே சான்றிதழில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமையில் வேறொன்றுமாக வாழும் குடும்பங்கள் நம் பள்ளிகளில் நிறைய. அந்தப் பிள்ளை அதற்காகக் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும். குழுவில் யாருடைய சான்றிதழையும் வாய்விட்டுப் படிக்காதீர்கள், "விசுவாசத்தில் உண்மையாக இரு" என்ற போதனையை அங்கே கொண்டுவராதீர்கள். அந்தச் சுமையை அந்தப் பிள்ளை ஏற்றிக்கொள்ளவில்லை.

ரகசியம் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும். "இங்கே பேசியது இங்கேயே இருக்கும். மூன்று விஷயம் மட்டும் அப்படி இருக்காது: யாராவது உன்னைத் துன்புறுத்தினால், நீ உனக்குத் தீங்கு செய்துகொள்ள நினைத்தால், நீ வேறொருவருக்குத் தீங்கு செய்ய நினைத்தால். அப்போது யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." இதே சொற்களில் சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை.

பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எல்லாரும் குழந்தைகள், பிளஸ் டூ பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குள் வருகிறார்கள். பிரிவு 19-இன்படி தெரிந்தவர் எவரானாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திடமோ தகவல் தர வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு கடமை முடியாது. மறைத்தால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம்வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை. பங்குத்தந்தையையோ சபை ஐயரையோ வைத்து "பேசி முடிப்பது" குற்றத்தோடு பாவமும் ஆகும், ஏனென்றால் அந்தப் பிள்ளை பள்ளியை நம்பிச் சொன்னது. கேள்விமேல் கேள்வி கேட்டு விசாரிக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களையே அன்றைக்கே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண், 14416 மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ். இந்த மூன்றும் வழிகாட்டியின் போனில் இருக்கட்டும், பிள்ளைகளின் டைரியிலும் இருக்கட்டும்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் தனியே கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, மறைத்து வைத்ததைச் சொல்ல வழி கிடைக்கும். ஆம் என்றால் அன்று அந்தப் பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெற்றோரை வரவழைத்து நேரில் ஒப்படையுங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ ஆலோசகரிடமோ கொண்டுபோகச் சொல்லுங்கள், மறுநாள் காலை வந்தாயிற்றா என்று பாருங்கள். வழிகாட்டி ஆலோசகராக முயலக் கூடாது, அடையாளம் கண்டு கைமாற்றுவதுதான் அவர் வேலை.

தனியாகப் பேசுவது எப்போதும் திறந்த இடத்தில். இரவில் வாட்ஸ்அப் தனிச்செய்தி கூடாது. குழுவுக்கென வாட்ஸ்அப் தேவைப்பட்டால் இன்னொரு ஆசிரியரும் அதில் இருக்கட்டும். குருவானவர் ஒருவர் வழிகாட்டியாக இருந்தால், அதே பிள்ளைகளுக்கு அவர் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது. இல்லாவிட்டால் எதை எங்கே கேட்டோம் என்ற சிக்கல் அவரையே கட்டிப்போடும்.

சறுக்கும் இடங்களில் சிலவற்றைச் சொல்கிறேன். நன்றாகப் பேசுகிற ஒரு பிள்ளை குழுவை விழுங்கிவிடுவது முதல் மாதத்திலேயே நடக்கும். அடக்க வேண்டாம், "அடுத்த சுற்றில் நீ கடைசியாகப் பேசு" என்று வரிசையை மாற்றுங்கள். எப்போதும் பேசாத பிள்ளைக்கு வேலை கொடுங்கள், நேரம் பார்ப்பது, வாசகம் படிப்பது போல. ஓர் ஆசிரியரைப் பற்றிய புகாராகக் குழு மாறினால் பெயரைத் தவிர்த்து நடந்ததை மட்டும் கேளுங்கள், அந்த ஆசிரியருக்கு ஒத்துப்பாடவும் வேண்டாம், எதிராகத் தலையாட்டவும் வேண்டாம். தலைமையாசிரியர் "வாராவாரம் அறிக்கை கொடுங்கள்" என்று கேட்டால் தேதி, வந்தவர் எண்ணிக்கை, விஷயம் என்று மூன்றே வரி. யார் என்ன சொன்னார் என்று எழுதிய நோட்டு எந்த மேசையிலும் இருக்கக் கூடாது. வழிகாட்டிகளுக்கு மாதம் ஒருமுறை நாற்பது நிமிடம் தங்களுக்குள் ஒரு குழு வேண்டும், பெயர் சொல்லாமல் "இப்படி ஒரு நிலைமை, என்ன செய்யலாம்" என்று கேட்டுக்கொள்ள. அது இல்லாத பள்ளிகளில் நல்ல வழிகாட்டிகள்தான் முதலில் களைத்துப்போகிறார்கள்.

குழுவுக்கு வெளியே என்ன செய்கிறோம் என்பதையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். 1906-இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர்கள் தங்கள் நிறுவனர் தொன் போஸ்கோவிடமிருந்து கொண்டுவந்த பழக்கம், இடைவேளையில் ஆசிரியர் மைதானத்தில் பிள்ளைகளோடு இருப்பது. நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் 1884-இல் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தின் சாரம். வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம், ஸ்டாஃப் ரூமில் டீ குடிப்பதற்குப் பதிலாக மரத்தடியில் குடித்தால் போதும்.

பிளஸ் டூவின் கடைசிச் சந்திப்பைப் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுக்கு முன்பே வையுங்கள், ஹால் டிக்கெட் கைக்கு வந்தபின் யாருடைய மனமும் அங்கே இருக்காது. அன்றைக்கு அறிவுரை வேண்டாம். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை, அதில் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொருந்துகிற இரண்டு வரி, உங்கள் கையெழுத்தில். எழுத இரண்டு மாலை பிடிக்கும். எட்டுப் பேரின் வீட்டு எண்களையும் அன்றே சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ரிசல்ட் வெளியாகும் காலையில் பள்ளி முழுவதும் முதல் மதிப்பெண் வாங்கியவரைத் தேடும். நீங்கள் பட்டியலில் தேறாதவர் பெயரைத் தேடி, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போன் போடுங்கள். பிள்ளையிடமே பேச வேண்டும் என்று கேளுங்கள், துணைத்தேர்வு சில வாரங்களிலேயே இருக்கிறது என்பதையும் எந்த நாளில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், அன்று மாலையே ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள்.